மெத்தென்று இருந்தால் அடி தாங்குமா? – கேள்வி பதில்

ரப்பர், சிலிக்கோன், நுரை, அவற்றுக்குள் பதிக்கிற நுண்ணமைப்புகள் பற்றிக் கேளுங்கள். எந்த ஹெல்மெட் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பொறியியல் மாணவர்: சிலிக்கோனுக்குள் நுண்ணமைப்பு இருந்தால் எப்படி அதிக ஆற்றலை உறிஞ்சுகிறது?

மோதலில் வந்த ஆற்றல் வெப்பமாகப் போகலாம், பொருளுக்குள் சிக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் திரும்பி உங்கள் மேலேயே வரும். வெறும் சிலிக்கோன் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்பும். விசையையும் நசுங்கும் அளவையும் வரைபடமாகப் போட்டால், அழுத்தும்போது ஏறும் கோடும் விடும்போது இறங்கும் கோடும் ஒன்றாகப் பொருந்தாமல் நடுவில் ஒரு பரப்பு விடுமே, திரும்பி வராத ஆற்றல் அதுதான். அந்தப் பரப்பைப் பெருக்கத்தான் இத்தனை பாடு.

2015இல் ஹார்வர்டில் செய்ததைப் பாருங்கள். சாய்வான மெல்லிய தண்டுகளை வரிசை வரிசையாக சிலிக்கோன் ரப்பரில் அச்சடித்தார்கள். அழுத்தினால் ஒவ்வொரு வரிசையும் சட்டென்று மறுபக்கம் மடங்கி அங்கேயே நின்றுவிடும், ஆற்றலில் ஒரு பங்கு மடங்கிய தண்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். அடியில் இதை வைத்து முட்டையைக் கீழே போட்டார்கள், உடையவில்லை. வேகமாக அடித்தாலும் மெதுவாக அழுத்தினாலும் பூட்டுகிற அளவு பெரிதாக மாறாது, இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்து மறுபடி உழைக்கும்.

இதில் உயிரியல் எங்கே வருகிறது?

தசைக்குள் டைட்டின் என்று ஒரு ராட்சதப் புரதம். அதன் நீளத்தில் மடிந்த பகுதிகள் வரிசையாக இருக்கும். அளவுக்கு மீறி இழுபட்டால் ஒவ்வொன்றாக அவிழும், தளர்ந்தால் மறுபடி மடியும். அவிழ்க்கத் தேவைப்பட்ட விசை மடியும்போது முழுதாகத் திரும்பி வராது, அந்த வித்தியாசம் வெப்பமாகிவிடும். 2022இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ரப்பர் போன்ற மீள்பொருளுக்குள் சின்னக் காந்தங்களைப் பதித்து, இதே மாதிரி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவ வைத்தார்கள். காந்தங்களின் இடத்தையும் திசையையும் மாற்றினால் எப்போது தாவும் என்பதும் மாறும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

ஜெல் இன்னும் மென்மையாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை. ரொம்ப மென்மையானது அடி விழுந்ததும் முழுக்க நசுங்கிவிடும், மீதி அடி நேராக உங்களுக்கு.

மரங்கொத்தியின் மண்டையைப் பார்த்து ஹெல்மெட் செய்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதைத்தான் பயந்தேன். 2022இல் உயிரியலாளர் வான் வாசன்பெர்க்கின் குழு மரங்கொத்தி கொத்துவதை அதிவேக வீடியோவில் அளந்து பார்த்தது. அலகும் மண்டையும் ஒரே மாதிரிதான் வேகம் குறைகின்றன, நடுவில் அதிர்ச்சியை வாங்கும் மெத்தை எதுவும் வேலை செய்யவில்லை. இருந்திருந்தால் கொத்தின் பலமும் குறைந்திருக்கும், பறவைக்கு அதில் என்ன லாபம்?

அதே நபர்: அப்போ அதன் மண்டையில் உள்ள பஞ்சு போன்ற எலும்பு சும்மாவா இருக்கிறது? இத்தனை பேர் எழுதியது பொய்யா?

எலும்பின் அமைப்பை விவரித்தது சரி. பார்க்கப் பஞ்சு போல் இருப்பதால் உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டியதுதான் தவறு. மூளை ரொம்பச் சின்னது, அதனால்தான் தாங்குகிறது.

வேறொருவர்: நீங்கள் இயற்கையையே மறுக்கிறீர்கள்.

ஐயா, பம்ப்ளிமாஸ் தோலைப் பாருங்கள். பத்து மீட்டர் மரத்திலிருந்து விழுந்தும் பழம் பெரும்பாலும் பிளப்பதில்லை. வெளியே நெருக்கமாகவும் உள்ளே போகப்போக காற்றிடம் அதிகமாகவும் மாறும் நுரை அது. இயற்கையைப் பார்த்துச் செய்யலாம், அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன். மரங்கொத்திக்கு இனி பதில் இல்லை.

இருசக்கர வண்டிக்கு எந்த ஹெல்மெட்...?

ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை நசுங்கித்தான் காப்பாற்றும், திரும்ப எழாது. ஒரு விபத்தில் அடி வாங்கினால் மாற்றிவிடுங்கள்.

முட்டி வலிக்கு ஜெல் பேட் உதவுமா?

மருத்துவரிடம் கேளுங்கள்.

கரித்தூள் கலந்த ரப்பரை இழுத்துச் சோதித்தால் முதல் தடவை ஒரு மாதிரி, இரண்டாம் தடவை வேறு மாதிரி எண் காட்டுகிறது. கருவி கோளாறா?

கருவி நன்றாகத்தான் இருக்கும். இதற்கு மல்லின்ஸ் விளைவு என்று பெயர். முதல் இழுப்பிலேயே ரப்பர் தளர்ந்துவிடும். முதல் சுற்று எண்ணை மட்டும் போட்டு 'அபார உறிஞ்சுதல்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். பல சுற்று ஓட்டி, நிலையான பிறகு வரும் எண்ணை எழுதுங்கள்.

மென்மையாக இருந்தால்...

மேலே படியுங்கள்.

வீட்டில் இருக்கும் முப்பரிமாண அச்சில் டிபியு (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) போட்டு அந்தச் சாய்ந்த தண்டுகளைச் செய்யலாமா?

செய்யலாம். முதலில் ஒரே வரிசை அச்சடித்து அழுத்திப் பாருங்கள். விட்டதும் தானாகத் திரும்பி வந்தால் தண்டு நீளத்துக்குத் தடிமன் அதிகம் அல்லது சாய்வு போதவில்லை. இன்னொன்று, மடங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள். டிபியு அந்த வடிவத்துக்கே பழகிவிடும், அப்புறம் இழுத்தாலும் பழைய நிலைக்குச் சரியாக வராது.