தள்ளிவிட்டவரைக் கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் சபையில் ஒரு சகோதரி கோர்ட்டுக்கு ஓடி விவாகரத்து வாங்கிவிட்டார். இப்போது மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்யப் போகிறாராம். 'தள்ளிவிடப்பட்டவளை விவாகம்பண்ணுகிறவனும் விபசாரஞ்செய்கிறவன்' என்று வேதம் தெளிவாகச் சொல்கிறதே! திருவிருந்து கொடுப்பதை நிறுத்தியிருக்கிறோம். போதகர் தயங்குகிறார். கணவர் ஆறு வருடமாக ஜோகூர் பாருவில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வந்தால் பாடகர் குழுவில் பாடுவார், நல்ல குரல்.
- சபைக் கமிட்டி உறுப்பினர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, நீங்கள் எடுத்துக்காட்டியது மத்தேயு 19:9-இன் வால். தலை எங்கே? 'தன் மனைவி வேசித்தனஞ்செய்ததினிமித்தமேயன்றி, அவளைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை விவாகம்பண்ணினால்' என்றுதான் அந்த வசனம் தொடங்குகிறது. அதாவது முதல் அடி தள்ளிவிடுகிறவனுக்கு. 'எந்த முகாந்தரத்தினாலாகிலும்' மனைவியைத் தள்ளலாமா என்று கேட்க வந்த பரிசேயருக்குச் சொன்ன பதில் அது. சமையல் தீய்ந்துபோனாலே தள்ளுதற்சீட்டு எழுதலாம் என்று ஹில்லேல் என்ற யூத வேத அறிஞரின் வழியினர் வாதாடிய காலம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண்களுக்காகப் பேசிய வார்த்தையை எடுத்து அப்படி ஒருத்தியையே அடிக்கிறீர்கள்.

அப்புறம், 'கோர்ட்டுக்கு ஓடி' என்கிறீர்கள். மலேசியாவில் அப்படி ஓடிவிட முடியாது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் மட்டும் மனுச் செய்தால் பெரும்பாலும் முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். வேண்டுமென்றே வராமல் இருந்தவருக்காக மற்றவர் காத்துக் கிடக்கத் தேவையில்லை என்றும் சட்டம் சொல்கிறது. அரசாங்கமே கணவனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லும்போது, உங்கள் கமிட்டி ஒரு தடவையாவது கூப்பிட்டதா? கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கியபோதாவது கேட்டீர்களா?

மத்தேயு 18-ஐயும் படியுங்கள். தனியாகப் போய்ப் பேசு, பிறகு இரண்டொருவரோடு போ, பிறகு சபைக்குச் சொல். அப்போதும் கேளாதவன் அஞ்ஞானியைப் போல, அதாவது அவிசுவாசியைப் போல. இதைச் செய்துவிட்டுத்தான் 1 கொரிந்தியர் 7:15-க்கு வர வேண்டும்: 'அவிசுவாசி பிரிந்துபோனால் பிரிந்துபோகட்டும்... சகோதரனாவது சகோதரியாவது அடிமைப்பட்டவர்களல்ல.' நீங்கள் முதல் படியிலேயே ஏறவில்லை.

இதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, மறைக்கவில்லை. மத்தேயு சொல்லும் 'வேசித்தனம்' என்ற விதிவிலக்கு பிரிந்து வாழ மட்டுமே, மறுமணத்துக்கு அல்ல என்று நேர்மையாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்கர் என்றால் கதையே வேறு. கோர்ட்டு தீர்ப்பு அங்கே திருமணக் கட்டை அவிழ்க்காது. முதலிலிருந்தே அது செல்லாத திருமணம் என்று திருச்சபைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டும். 2015-இல் போப் பிரான்சிஸ் அந்த வழக்குகளைச் சுருக்கினார், கொள்கையை மாற்றவில்லை. ஆனால் அங்கேகூட, விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாமல் இருப்பவருக்கு அந்த ஒரே காரணத்துக்காக நற்கருணையை மறுப்பதில்லை. உங்கள் சகோதரி இன்னும் கல்யாணமே செய்யவில்லையே!

புராட்டஸ்டண்டு மரபில் கண்டிப்புக்குப் பேர்போன வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 1646-லேயே, விபசாரம் செய்தவர் செத்துப்போனதாக எண்ணிக் குற்றமற்றவர் வேறு மணம் செய்யலாம் என்றது. உங்கள் போதகர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அவரை விட்டுவிடுங்கள், கல்யாணம் செய்யப் போகும் அந்த இருவரோடும் உட்கார்ந்து பேசட்டும்.

திருவிருந்தை நிறுத்தும் தீர்மானத்தை யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்? பாடகர் குழுவைப் பற்றி அதே கூட்டத்தில் ஏதாவது பேசினீர்களா? அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.