எரிமலை விடுற வாயுவை சாட்டிலைட் எப்படி அளக்குது? கேளுங்க, சொல்றேன்

2025 நவம்பர் 23ந்தேதி எத்தியோப்பியால ஹைலி குப்பி எரிமலை வெடிச்சு, அந்த சாம்பலும் வாயுவும் அரபிக்கடலைத் தாண்டி டெல்லிப் பக்கம் வரைக்கும் வந்துச்சுல்ல, அதுலேருந்து நிறைய பேரு இதைப் பத்தி கேக்குறீங்க. சாட்டிலைட் டேட்டால வாயு பாக்குறதுதான் என் வேலை, தெரிஞ்சதைச் சொல்றேன்.

முத்து: அக்கா, எரிமலைலேருந்து அதிகமா வர்றது நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தானே? அப்புறம் ஏன் எல்லா மேப்பும் சல்ஃபர் டை ஆக்சைடா இருக்கு?

நீராவியும் கார்பனும் காத்துல ஏற்கனவே நிறைஞ்சு கிடக்கு தம்பி. எரிமலை கொஞ்சம் சேத்து விட்டா தனியா தெரியாது. சல்ஃபர் டை ஆக்சைடு சாதாரணமா காத்துல இல்லவே இல்லன்னு சொல்ற அளவுக்குத்தான் இருக்கும், அதனால வந்தா பளிச்னு தெரியும்.

கவிதா: எப்படி தெரியுது, போட்டோ எடுக்குறாங்களா?

போட்டோ இல்லம்மா. சூரிய வெளிச்சம் கீழ பட்டு திரும்பி மேல போறப்போ, புற ஊதால சில அலைநீளங்களை இந்த வாயு உறிஞ்சிக்கும், எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்து அளவைக் கணக்கு போடுறோம். இதைக் கண்டுபிடிச்சதே ஓசோன் அளக்கப் போன இடத்துலதான்! 1978ல போன நிம்பஸ்-7 சாட்டிலைட்ல டாம்ஸ்னு ஒரு கருவி, 1982ல மெக்சிகோவுல எல் சிச்சோன் வெடிச்சப்போ அங்க ஓசோன் தாறுமாறா ஏறின மாதிரி காட்டுச்சு, பாத்தா அது ஓசோனே இல்ல, சல்ஃபர் டை ஆக்சைடு. இப்போ 2017ல போன சென்டினல்-5பி சாட்டிலைட்ல இருக்குற ட்ரோபோமி கருவி மத்தியானம் ஒன்றரை மணி வாக்குல கடந்து போகும், ஒரு பிக்சல் சுமாரா 5.5க்கு 3.5 கிலோமீட்டர்.

ரஃபீக்: ராத்திரில வெடிச்சா?

புற ஊதா வேலைக்கு ஆகாது, வெயில் வேணும். அகச்சிவப்புல பாக்குற ஐஏஎஸ்ஐ மாதிரி கருவி ராத்திரியும் பாக்கும், ஆனா தரைக்குப் பக்கத்துல இருக்குற வாயுவை சரியா பிடிக்காது.

ஜெயந்தி: ஒரே எரிமலைக்கு ஒருத்தர் ஒரு நம்பர் சொல்றாங்க, இன்னொருத்தர் நாலு மடங்கு சொல்றாங்க. யாரை நம்புறது?

ரொம்ப முக்கியமான கேள்விங்க, இதைத்தான் எல்லாரும் கேக்கணும்னு நான் நினைப்பேன். எரிமலை விட்ட வாயு மேகம் எந்த உயரத்துல இருக்குன்னு நாம முதல்ல ஒரு கணிப்பு வெச்சுக்கிட்டுத்தான் அளவு வருது. கீழ இருக்குற வாயு வரைக்கும் வெளிச்சம் முழுசா போகாம மேலயே சிதறிடும், சிக்னல் வீக்கா வரும். அதனால ட்ரோபோமி டேட்டால தரையோட ஒட்டி, 7 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர்னு தனித்தனி கணக்கு குடுப்பாங்க. ஐஸ்லாந்துல 2014-15ல ஹோலுஹ்ரான்ல லாவா ஓடுனப்போ வாயு தாழ்வாத்தான் போச்சு, நான் அப்போ புதுசு, ஓஎம்ஐங்கிற பழைய கருவியோட டேட்டால, வாயு உயரத்துல இருக்குன்னு வெச்சுப் போட்ட கணக்கை எடுத்துக் கூட்டிட்டேன், நம்பர் ரொம்ப கம்மியா வந்துச்சு, ரெண்டு வாரம் தப்பைத் தேடிக்கிட்டே இருந்தேன். நம்பரைப் பாக்குறதுக்கு முன்னாடி எந்த உயரம்னு பாருங்க.

செந்தில்: டோங்கா எரிமலை 2022ல அவ்ளோ பெருசா வெடிச்சும் உலகம் குளிரலையே?

குளிர வைக்கிறது சல்ஃபர் டை ஆக்சைடுதான். பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை 1991ல அதை சுமாரா 15லேருந்து 20 மில்லியன் டன் விட்டுச்சு, உலக சராசரி வெப்பம் அரை டிகிரி கிட்ட இறங்குச்சு. டோங்கால அரை மில்லியன் டன் கூட தேறல, கடலுக்கடில வெடிச்சதால தண்ணிதான் ஏராளமா மேல போச்சு, 14 கோடி டன்னுக்கும் மேல. முத்து கேட்ட நீராவி இங்க மட்டும் தெரிஞ்சதுக்குக் காரணம், அந்த உயரத்துல காத்து எப்பவும் வறண்டு இருக்கும்.

முத்து: அப்போ வாயு குறைஞ்சா ஆபத்து இல்லன்னு எடுத்துக்கலாமா?

கூடாது தம்பி. பினாடுபோவுல 1991 மே 13ல தரைலேருந்து அளந்தப்போ சல்ஃபர் டை ஆக்சைடு ஒரு நாளைக்கு 500 டன், மே 28ல 5,000 டன், அப்புறம் சட்டுனு இறங்குச்சு. மலை அடங்கல, வழி அடைச்சுக்கிச்சு. ஜூன் 15ல பெரிய வெடிப்பு.