பி.எட். கல்லூரியை எப்படி எடைபோடுவது? கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கு மேல் பி.எட். மாணவர்கள் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான். கல்லூரி தேடும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மேடம், ஒரு கல்லூரியில் புதுக் கட்டடம், ஏ.சி. அரங்கம் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று பழைய கட்டடம். எதில் சேருவது?

கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம். "இன்டர்ன்ஷிப்புக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்? அங்கே வந்து எங்கள் வகுப்பை யார் பார்ப்பார்கள்?" என்று முதலில் கேளுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பில் முதலாண்டு 4 வாரம், இரண்டாமாண்டு 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். பி.எட்.டின் உயிரே அந்த 20 வாரம்தான்.

அடுத்து, இரண்டாமாண்டு மாணவர் யாரிடமாவது, அவர் பாடம் நடத்தியதைப் பார்த்துப் பேராசிரியர் குறிப்பு எழுதும் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் "நன்று", "குரல் தெளிவு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், பேராசிரியர் வகுப்புக்குள் வரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்திய ஒரு மாணவிக்கு நான் எழுதிய குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: "மூன்றாவது வரிசைப் பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். தவறு என்று அடித்துவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஏன் அப்படி எழுதினான் என்று கேட்டிருக்கலாம்." மறுநாள் அவள் அவனிடம் கேட்டாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியதாகச் சொன்னான். அன்றைய பாடத்தை அவள் அங்கிருந்தே தொடங்கினாள். இப்படி நாலு வரி எழுதும் ஆள் உள்ள கல்லூரி ஓட்டுக் கட்டடத்தில் இருந்தாலும் சேருங்கள்.

தினமும் வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

வேண்டாம் தம்பி. தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014 விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீதம், இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். வராதவருக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடும் இடத்தில் வேறு எதை நம்புவீர்கள்? அப்படிப் படித்த ஒரு பெண் முதல் வேலையில் சேர்ந்த வாரமே என்னிடம் வந்து அழுதாள். நாற்பது பிள்ளைகள் முன்னால் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. சான்றிதழில் குறை எதுவும் இல்லை. அவளைத் தனியாக வகுப்புக்குள் தள்ளிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கவுன்சிலின் அங்கீகார ஆணை, பல்கலைக்கழக இணைப்பு ஆணை இரண்டையும் கேட்டுப் பாருங்கள். ஆணையில் எத்தனை இடம் என்று இருக்கும். 50 பேர் ஒரு யூனிட். ஆண்டுக்கு 100 பேர் சேர்க்கும் கல்லூரிக்கு முதல்வரோடு 16 முழுநேர ஆசிரியர்கள் என்பது 2014 விதிகளின் கணக்கு. அதில் உங்கள் பாடத்துக்குக் கற்பித்தல் முறை நடத்துபவர் யார் என்று கேட்டு, முடிந்தால் நேரில் பேசிவிட்டு வாருங்கள்.

பி.எட். முடித்து ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆகலாம் என்று ஒரு கல்லூரியில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. 1 முதல் 5 வரை நடத்த பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பளித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் நடத்த ஆசை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்குப் போங்கள். இதைக்கூடச் சரியாகச் சொல்லாத கல்லூரி வேண்டாம்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நேராக ஆசிரியர் படிப்பில் சேர்க்கலாமா?

ஆசிரியர் ஆவது என்று அவளே முடிவு செய்திருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. 1963-இல் தொடங்கிய மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் இதில் பழுத்த அனுபவம் உள்ள இடம். வளாகத்திலேயே பள்ளி இருப்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் பக்கத்துப் பள்ளியில் அனுமதி கேட்டு இரண்டு நாள் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள்.