அடுப்பைப் பிடுங்கியவர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரட்சிக் கால ரஷ்யக் கட்டடக்கலை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அந்தக் கலைஞர்களைப் பெருங்கனவு கண்டவர்களாகவே காட்டுகிறீர்கள். வீட்டு அடுப்பைப் பிடுங்கிவிட்டு மக்களைப் பொதுக்கூடத்தில் உண்ணவைக்க முயன்றவர்களும் அவர்கள்தானே? பின்னாளில் ஸ்டாலின் அரசு அவர்களை ஒடுக்கியது என்பதற்காக அவர்களுடைய அதிகாரப் பார்வையை மறந்துவிடலாமா?

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தும் கட்டடம் ஒன்று மாஸ்கோவில் உண்டு. இவான் நிகோலாயெவ் 1929-30இல் 2000 மாணவர்களுக்காக எழுப்பிய விடுதி அது. இருவர் படுக்கும் அறைக்கு ஏறத்தாழ ஆறு சதுர மீட்டர்தான். அங்கே உறங்கலாம், வேறெதுவும் கூடாது. எழுந்ததும் குளியல் பகுதிக்குப் போய், உடை மாற்றி, படிக்கவும் உண்ணவும் உரிய வேறொரு தொகுதிக்குச் சென்றுவிட வேண்டும். இதற்காக நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் நிதி ஆணையத்தின், அதாவது அன்றைய நிதி அமைச்சகத்தின், ஊழியர்களுக்காக மொய்சேய் கின்ஸ்பர்க்கும் இக்னாத்தி மிலினிஸும் எழுப்பிய நர்கோம்ஃபின் குடியிருப்பு வேறு வகையானது. பழைய குடும்ப வாழ்விலிருந்து பொது வாழ்வுக்கு ஒரேயடியாகத் தாவச் சொல்லாமல், விரும்பியவர் விரும்பிய வேகத்தில் மாறிக்கொள்ளட்டும் என்று நினைத்த கின்ஸ்பர்க், அதை 'இடைநிலை' வீடு என்றே வகைப்படுத்தினார். பெரிய குடும்பங்களுக்கான வீடுகளில் தனிச் சமையலறையே இருந்தது. சிறிய வீடுகளில் கூடத்துக்கு 3.6 மீட்டர் உயரமும், படுக்கைப் பகுதிக்கு 2.3 மீட்டரும் கொடுத்து, அப்படி மிச்சப்பட்ட உயரத்தைக் கொண்டு வீடுகளை ஒன்றோடொன்று கோத்தார்கள். அதனால் இரண்டே நடைவழிகள் கட்டடம் முழுவதற்கும் போதுமானவையாக இருந்தன. உணவுக்கூடம் தனித் தொகுதியில் இருந்தது. அங்கே போக மூடிய பாலம் ஒன்று. பலர் அங்கிருந்து உணவை வாங்கிவந்து வீட்டில் வைத்தே சாப்பிட்டார்கள். அதை யாரும் தடுக்கவுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பறிபோவதற்கு அன்றைய மாஸ்கோவாசிகளில் எத்தனை பேரிடம் சொந்தச் சமையலறை இருந்தது? இடப் பற்றாக்குறையால் ஒரே வீட்டின் அறைகளைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ள, ஒரே சமையலறையில் ஆளுக்கொரு மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவற்றின் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொதுச் சமையலறை என்ற எண்ணம் அந்தப் புகையிலிருந்து எழுந்தது.

அரசு திணித்ததைக் கலைஞர்கள் நிறைவேற்றினார்கள் என்றும் கொள்ள முடியாது. 1930 மே மாதம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவே, அன்றாட வாழ்வை ஒரே பாய்ச்சலில் மாற்றத் துடித்தவர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1932 ஏப்ரலில் கலைக் குழுக்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன.

அதிகாரப் பார்வையைத் தேடினால் நர்கோம்ஃபினின் கூரைக்கு ஏறிப் பாருங்கள். காற்றோட்ட இயந்திரங்களுக்கென ஒதுக்கிய இடத்தில், இந்தக் குடியிருப்பைக் கட்டச் சொன்ன நிதி ஆணையர் மில்யூதின், தமக்கென இரண்டு தளங்களில் ஒரு வீட்டை அமைத்துக்கொண்டார்.