பழைய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்: கிளட்ச் கேள்வி-பதில்

கே: …ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. மேடு ஏறும்போது ரொம்ப மோசம். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

ப: பிரிக்க விடாதீர்கள். ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் ஸ்லிப்தான், அதாவது கிளட்ச் பிளேட் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவது. எதிரே ஆளில்லாத சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதும் கருகிவிடும். அப்படியே அணைந்தாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். லேசான ஸ்லிப், பெரிய கியரில் மேடு ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

கே: கிளட்சில் ஒரு சத்தம். எதை மாற்றலாம்?

ப: பெடலை மிதிக்கும்போது கத்தினால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டால் கத்தி, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங்காக இருக்கலாம். உங்களுடையது எது என்று எழுதவில்லையே!

கே: வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கிளட்ச் போய்விட்டது. "நீங்க ஓட்டுற விதம்தான் சார், வாரண்டி வராது" என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள். பழைய பிளேட்டைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

ப: உங்கள் கோபம் நியாயமானது. கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்று வாரண்டியில் விலக்கி வைப்பது வழக்கம்தான். ஆனால் தேய்ந்து போவது வேறு, கெட்டுப் போவது வேறு. இரண்டில் எது என்பதைக் கழற்றிய பிளேட் சொல்லிவிடும். அதனால்தான் பலர் அதைக் காட்டுவதில்லை.

கையில் வாங்கிப் பாருங்கள். லைனிங் (பிளேட்டின் மேலுள்ள உராய்வுப் பட்டை) முழுக்க ஒரே சீராக மெலிந்து, ரிவெட் தலைகள் மேலே எட்டிப் பார்த்தால் அது தேய்மானம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல், எஞ்சின் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ, ஒழுகியிருக்கிறது. சீல் ஒழுகியதற்கு உங்கள் கால் எப்படிப் பொறுப்பாகும்? லைனிங் நல்ல கனமாக இருக்கும்போதே துண்டாகப் பெயர்ந்திருந்தாலோ, நடுவிலுள்ள ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ சாமானின் தரத்தையே சந்தேகிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிப் போட்ட ஒரு செட் அப்படித்தான் பெயர்ந்தது. அந்தப் பிளேட் இன்னும் என் மேசையில் பேப்பர் வெயிட்டாக உட்கார்ந்திருக்கிறது.

கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்த திட்டுகளும் முடி போன்ற வெடிப்புகளும் தெரிந்தால் அது சூட்டு அடையாளம். பெடலைப் பாதி மிதித்தபடியே, ஹாஃப் கிளட்சில் ஓட்டினால் வரும், உண்மை. கேபிளை இறுக்கி வைத்து, பெடலில் கொஞ்சம்கூட ஃப்ரீ பிளே (தளர்வு) இல்லாமல் அனுப்பினாலும் வரும். அது யார் செய்த வேலை என்று கேளுங்கள். இனி வேலைக்கு விடும்போதே, "கழற்றிய சாமான் எனக்கு வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பிளேட் இன்னும் அங்கேயே கிடந்தால், எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கே: என்னுடையது ஏஎம்டி, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி. மேட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்தே நிறுத்தி வைப்பேன். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் ஏது கிளட்ச்? ஏமாற்றுகிறார்களா?

ப: இல்லை. ஏஎம்டியிலும் அதே கிளட்ச்தான். உங்கள் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற கருவி மிதிக்கிறது, அவ்வளவே. பிரேக் என்று ஒன்று இருக்கிறது.

கே: கியர் விழவே கஷ்டப்படுகிறது, ரிவர்ஸ் கறகறக்கிறது. பிளேட் மாற்றச் சொல்கிறார்கள்…

ப: அவசரப்படாதீர்கள். பெடலை நாலைந்து தடவை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் கிளட்சை இயக்கும்) பக்கம் கோளாறு: உள்ளே காற்று புகுந்திருக்கும், அல்லது சிலிண்டர் ஒழுகும். அந்தக் கிளட்ச் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கேபிள் வண்டி என்றால் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கியர்பாக்ஸை இறக்கலாம்.

கே: பழைய கார் பார்த்தேன். பெடல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது. "புது கிளட்ச் சார், டைட்டா இருக்கு" என்கிறார் விற்பவர்.

ப: இதே வசனத்தைக் கேட்டு நானும் ஒரு வண்டி வாங்கினேன், முதல் மலைப் பாதையிலேயே கருகல் நாற்றம். புது கிளட்ச் என்றால் பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லை என்றால், கிளட்ச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கே: பிளேட் மட்டும் மாற்றினால் போதாதா? செட்டாக ஏன்?

ப: போதாது. செட் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் பெரிய வேலை. பேரிங்குக்காக அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க ஆசை இருந்தால், தாராளமாகப் பிளேட் மட்டும் போடுங்கள்.