இரண்டாவது துளை

அன்புள்ள ஐயா,

என் போனும் மனைவியின் போனும் ஒரே மாடல். தவறுதலாக அவளுடையதை எடுத்துவிட்டால் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல இருக்கிறது. பாட்டு, செய்தி, விளம்பரம் எல்லாமே வேறு. முன்பு இயந்திரத்துக்கு ஏற்றபடி நாம் வளைந்தோம். இப்போது அது நமக்கு ஏற்றபடி வளைகிறது. நல்ல மாற்றம்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதிவரை நல்ல மாற்றம்தான். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, வேண்டுமென்றால் வாசித்தும் காட்டுகிற போனைப் பார்வை குறைந்த ஒருவரிடம் போய்க் குறை சொல்ல முடியாது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வாக்மேன் ஞாபகம் வந்தது. கையோடு எடுத்துப்போய் ஹெட்போனில் பாட்டுக் கேட்கிற சின்ன கேசட் பெட்டி அது. 1979-இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பது மரியாதை இல்லை என்று சோனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா நினைத்ததுதான் காரணம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் வைத்தார்கள். அழுத்தினால் பாட்டு அடங்கும், உள்ளே இருக்கிற மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். என்ன அக்கறை பாருங்கள்! ஆனால் வாங்கியவர்கள் அதைத் தங்களுக்கே தங்களுக்கான பொருளாகத்தான் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு வந்த மாடல்களில் பொத்தானும் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று. ஆகவே கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. கேட்டது நாம்தான்.

2010-இல் வந்த ஐபேடையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது எல்லோருக்கும் பொது. ஆனால் கணினியில் போல ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளும் வசதியை ஆப்பிள் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும்தான் தந்தது, வீட்டுக்கு இல்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 2012-இலேயே அது வந்துவிட்டது. அதைத் தேடிப் பயன்படுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், நமக்கேற்ப வளைகிறது என்கிறீர்கள். நாம் யார் என்று அதற்கு எங்கே தெரியும்? எதைத் தொட்டோம், எதில் எத்தனை நொடி நின்றோம் என்பதுதான் தெரியும். ஒரு நாள் உறவினர் குழந்தை அழாமல் இருக்க என் போனைக் கொடுத்தேன். அரை மணி நேரம் பொம்மைப் படம் பார்த்தது. அடுத்த இரண்டு வாரம் ‘உங்களுக்காக’ என்று எனக்கு வந்ததெல்லாம் டைனோசரும் தீயணைப்பு வண்டியும்தான். இன்னொருவர் கைக்கும் போன் போயிருக்கலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் திடீரென்று ஐந்து வயது ஆகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டது. (டைனோசர்கள் நன்றாகவே இருந்தன, அது வேறு விஷயம்.)

அடுத்த முறை மனைவியின் போன் கைக்கு வந்தால், அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குப் பிடித்த நாலு பாட்டை அதில் கேட்டுப் பாருங்கள். மறுநாள் அவருக்கு என்ன வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.