சாணம், கோமியம், கோழி எரு, மீன் கரைசல்: தானியப் பயிருக்கு எது, எவ்வளவு, எப்போது?

நெல், கம்பு, மக்காச்சோளம் போட்டிருக்கும் பலர் மாட்டுக் கழிவு, கோழி எரு, மீன் கழிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தொழுவுரம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. இந்த முறை நெல்லுக்கு பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைத்த கரைசல்) மட்டும் தெளித்து விளைவிக்கலாமா?

முடியாது. இதை முதலில் எடுத்துக்கொள்ளக் காரணம், இந்த நம்பிக்கையில்தான் நிறைய பேர் மகசூலை இழக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் எதிர்பார்த்தால் ஏறத்தாழ 40 முதல் 50 கிலோ வேண்டும். பஞ்சகவ்யம் தெளிப்பது 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் உள்ளே போவது 6 லிட்டர் பஞ்சகவ்யம். அதிலிருக்கும் தழைச்சத்தை கிராமில்தான் சொல்ல வேண்டும், கிலோவில் வராது. அதில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, வளர்ச்சி ஊக்கிகள் இருக்கின்றன, பயிரைத் தூண்டிவிடும். அது டானிக், சாப்பாடு இல்லை.

சாப்பாடு அடியுரத்தில் இருந்து வர வேண்டும். நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ. அதுவும் முதல் போகத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது, மீதி அடுத்தடுத்த போகங்களுக்கு மெதுவாக வரும். முதல் வருஷமே பலன் தெரியவில்லை என்று எருவைக் கைவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எரு குறைவாக இருந்தால் நிலம் முழுக்க லேசாகத் தூவாமல், இந்த வருஷம் பாதி நிலத்துக்கு நிறைவாகப் போடுங்கள், மீதிக்கு அடுத்த வருஷம். ஆட்டுக்கிடை போட முடிந்தால் விடாதீர்கள். புழுக்கையோடு மூத்திரமும் நேரடியாக மண்ணில் இறங்குகிறது, வண்டிக்கூலியும் இல்லை. கிடை எழுப்பியதும் தாமதிக்காமல் உழுதுவிடுங்கள், காயவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். அப்புறம், நடவுக்கு முன் பசுந்தாள் பயிர் விதைத்து மடக்கி உழுதால் பெரும் பங்கு குறை தீரும்.

கேள்வி: சார், மக்காச்சோளத்துக்குக் கோழி எரு போட்டேன். செடி ஓரம் கருகிப் போச்சு. எருவில் விஷமா?

விஷம் இல்லை, பச்சையாகப் போட்டிருக்கிறீர்கள். உலர்ந்த கோழி எரு 100 கிலோவில் சுமார் 3 கிலோ தழைச்சத்து இருக்கிறது, தொழுவுரத்தைப் போல ஐந்தாறு மடங்கு. புதிதாக இருக்கும்போது அது வேகமாக அம்மோனியாவாக மாறும், இளம் வேர் அதைத் தாங்காது. உப்பும் அதிகம்.

வைக்கோல், தென்னை நார்க்கழிவு மாதிரி உலர்ந்த பொருளோடு கலந்து, ஈரம் கொடுத்துக் குவித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஆரம்பத்தில் குவியலுக்குள் கையை வைக்க முடியாத அளவு சூடு இருக்கும். அந்தச் சூடு நல்லது, களை விதையும் நோய்க்கிருமியும் அதில்தான் சாகின்றன. புரட்டினாலும் சூடு ஏறாமல், மூக்கை எரிக்கும் நெடி போய், மண் வாசனை வந்தால் எரு தயார். அப்போதும் விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே மண்ணோடு கலந்துவிடுங்கள்.

கேள்வி: கோமியம் எந்த அளவில் தெளிக்கலாம்?

ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணீர். நாற்றுக்கும் இளம்பயிருக்கும் இருபது பங்கு. மாலையில் தெளியுங்கள். நாள்பட்ட கோமியத்தில் அம்மோனியா ஏறியிருக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வரப்போரம் பத்து செடிக்கு மட்டும் அடித்து, இரண்டு நாள் கழித்து இலை நுனியைப் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள். சேமிக்கும் கேனை மூடியே வையுங்கள். கோமியத்திலும் எருவிலும் சுண்ணாம்பைக் கொட்டிக் கிளற வேண்டாம், சத்து ஆவியாகிவிடும்.

கேள்வி: அண்ணா, நெல் இலை ஓரம் நுனியிலிருந்து அலை அலையாக மஞ்சளாகிக் காய்ந்து வருகிறது. சாணிக் கரைசல் தெளித்தால் நிற்குமா?

முதலில் என்ன நோய் என்று உறுதி செய்யுங்கள் தம்பி. காலையில் ஒரு இலையைப் பறித்து, மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி இலையைப் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல மெல்லிய இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். எதுவும் இறங்கவில்லை என்றால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கலாம், மண்ணைப் பரிசோதியுங்கள்.

இலைக்கருகல் என்றால் பசுஞ்சாணக் கரைசல் தெளிக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் புதிய சாணம் கரைத்துத் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். அறிகுறி தெரிந்ததும் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை. பாதி இலை காய்ந்த பிறகு தெளித்து பலன் எதிர்பார்க்காதீர்கள்.

அதைவிட முக்கியம், அந்த வயலுக்கு மேலுரமாகத் தழைச்சத்து போடுவதை நிறுத்துங்கள். தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்த வயல் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாயக் கூடாது.

கேள்வி: மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்த கரைசல்) தெளித்ததும் பயிர் கரும்பச்சையாகிவிட்டது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. வாரா வாரம் அடிக்கலாமா?

வேண்டாம். எனக்கு அந்தக் கரும்பச்சையைப் பார்த்தால் கவலைதான் வருகிறது. தழைச்சத்து மிஞ்சினால் இலை மென்மையாகும், தூர் நெருங்கி உள்ளே காற்று போகாது. புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, குலைநோய் எல்லாமே அப்படிப்பட்ட பயிரைத் தேடி வரும். இயற்கைச் சரக்கு என்பதால் இது மாறாது, செடிக்கு யூரியாவும் மீனும் ஒன்றுதான்.

10 லிட்டருக்கு 50 மில்லி, தூர் கட்டும்போது ஒன்றோ இரண்டோ தடவை. இலை வெளிறியிருந்தால் மட்டும் அதற்கு மேல். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு நாளுக்கு ஒருமுறை வயலில் இறங்கி, தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்ப்பது. புகையான் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், வரப்பில் நின்றால் தெரியாது.

இன்னொருவர் கரைசல் அழுகி நாறுகிறது என்று கேட்டிருந்தார். வெல்லம் குறைந்துவிட்டது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை இருக்க வேண்டும். சரியாகப் புளித்தால் மூன்று நான்கு வாரத்தில் பழ வாசனை வரும்.

கேள்வி: எலும்புத்தூள் நல்லதா?

புளிப்பு மண்ணுக்கு நல்லது. களர், சுண்ணாம்பு மண்ணில் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) கரையாமல் அப்படியே கிடக்கும். வாங்கினால் நீராவியில் வேகவைத்த தூளாகப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, விதை நேர்த்திக்கு முட்டை வைத்துப் பார்ப்பார்களே, அது எப்படி?

பதரைப் பிரிக்கும் உப்புக் கரைசல் சரியான அடர்த்திக்கு வந்துவிட்டதா என்று பார்க்க முட்டை அங்கே அளவுகோல். 10 லிட்டர் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். புதிய முட்டை முதலில் அடியில் படுத்திருக்கும், பிறகு நிமிரும், ஒன்றரை கிலோ உப்பு நெருங்கும்போது மேலே வந்து ஒரு நாணயம் அளவு ஓடு வெளியே தெரியும். அதில் விதைநெல்லைக் கொட்டி, மிதப்பதை எடுத்துவிடுங்கள். மூழ்கியதை உடனே இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் முளைப்பு கெடும். கம்புக்கு 10 லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு போதும், தேன் ஒழுகல் நோய் தாக்கிய விதை மிதந்துவிடும். அதன்பின் 3 சதவீத பஞ்சகவ்யக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

கேள்வி: எருக்குழியில் கொழுத்த வெள்ளைப்புழு நிறைய இருக்கிறது. அப்படியே வயலில் கொட்டலாமா?

கொட்டாதீர்கள். மட்கும் எருவையே தின்னும் காண்டாமிருக வண்டின் புழுவும் அதில் இருக்கும், அது தானியப் பயிரை ஒன்றும் செய்யாது, ஆனால் தென்னைக்கு எதிரி. வேரைக் கடிக்கும் வேறு வண்டுப் புழுக்களும் உண்டு, மானாவாரிச் சோளத்தில் வட்டம் வட்டமாகச் செடி வாடுவது அவற்றால்தான். எருவைக் கிளறிப் பரப்பினால் கோழியும் பறவையும் பொறுக்கிவிடும். குழியில் ஈரம் இருக்கும்போது மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்துவைத்தால் மிச்சமும் அழியும்.

கேள்வி: அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கும் விதைச்சோளத்தில் வண்டு. மருந்து இல்லாமல் காப்பாற்ற முடியுமா?

வறட்டிச் சாம்பலைச் சலித்து, நன்றாகக் காய்ந்த விதையோடு கலந்து வையுங்கள். சாம்பல் வண்டின் மேல்தோலை உராய்ந்து ஈரத்தை இழக்கச் செய்யும், மணிகளுக்கு இடையே நிரம்பி அது நகரவும் விடாது. கொஞ்சமாகத் தூவினால் பலன் இல்லை, ஒவ்வொரு மணி மேலும் படிய வேண்டும். விதை காயாமல் இருந்தால் எந்தச் சாம்பலும் உதவாது. பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும், அந்தப் பதம் வந்தபின் கலந்து, காற்றுப் புகாத கலனில் வாய்வரை நிரப்பி மூடுங்கள். இப்போதே வண்டு இருப்பதால், கலப்பதற்கு முன் ஒரு நாள் நல்ல வெயிலில் பரப்பிச் சலித்துவிடுங்கள்.